கல்லுக்குள் போன புகை

ராமாத்தாள் அந்த வெள்ளைத் துணியை முதலாளியின் மேஜைமேல் விரித்தபோது, நான் கையெல்லாம் கரியோடு வாசலில் நின்றிருந்தேன். துணி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். வீரபாண்டியில் எங்கள் சாயப்பட்டறைக்கும் ராமாத்தாளின் பிளீச்சிங் பட்டறைக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். இந்தப் பக்கம் பாய்லர் புகைவிடும், அந்தப் பக்கம் அவர் வெளுத்த துணியைக் காயப்போடுவார். இந்த இரண்டு தொழிலையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்த புண்ணியவானை யாராவது பிடித்துக் கொடுத்தால் நானே நாலு கேள்வி கேட்பேன்.

"ராவுத்தரே, வெள்ளைத் துணி கேட்ட கம்பெனிக்கு நான் புள்ளி போட்டதைக் குடுக்க முடியுமுங்களா? வெள்ளிக்கெழமைக்குள்ள பொகை நிக்கோணும். இல்லீன்னா ஊர்க்கூட்டத்துல சொல்லி உங்க பாய்லருக்குப் பூட்டுப் போட வெச்சுருவனுங்க."

சொன்னால் செய்கிற ஆள். பாய்லர் நின்றால் சாயத்தொட்டி சூடாகாது. தொட்டி சூடாகாவிட்டால் கியாசுதீன் முதலாளிக்குத் தொழில் இல்லை. உசிலம்பட்டியிலிருந்து விறகு தள்ள வந்த காசிமாயனாகிய எனக்குச் சோறும் இல்லை.

யோசனை சொன்னவர் மருமகன் நஜீமுதீன். இன்ஜினியரிங் படித்தவர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பட்டறைக்குள் நடமாடுவார்.

"மாமா, நம்ம போர்க்கெணறு போட்டப்ப அடியில கறுப்புக் கல்லு வந்துதில்லீங்களா? அது ஒரு காலத்துல கொழம்பாக் கொதிச்ச கல்லுங்க. எரிமலைச் சாதி. அந்த மாதிரிக் கல்லுக்குள்ள பொகையை அடைச்சு வெக்கலாமுன்னு ஆராய்ச்சி பண்றாங்க. நாளானா பொகையே கல்லாயிருமாம். சூட்டையும் அது புடிச்சு வெச்சுக்கும். கரண்டு போனா நாம திருப்பி எடுத்துக்கலாமுங்க."

முதலாளி தாடியைத் தடவினார். "கல்லாயிருச்சுன்னா வெட்டி விக்கலாமா மாப்ள?"

"அதுக்கு ரொம்பக் காலம் ஆகுமுங்க மாமா."

"ஆவட்டும். பேரனுக்கு ஆச்சு."

இந்த இடத்தில் அந்தப் போரின் கதையைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூற்றிரண்டில் முதலாளி அதைப் போட்டார். தண்ணீர் பீறிட்டு வந்தது. அதே வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் ராமாத்தாளின் போர் வற்றியது. என் தண்ணியை உறிஞ்சிட்டாங்க என்று அவர் ஊர்க்கூட்டத்துக்குப் போனார். முதலாளி எழுந்து, "அடியில ஒரே கல்லுங்க. ஊசி நுழையாது. அக்கா போருக்கும் எம்போருக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று அடித்துச் சொன்னார். ஊர்ப் பெரியவர் ஆத்தப்பன் தலையாட்டினார். குன்னத்தூரிலிருந்து அக்காவுக்காகப் பேச வந்த சொந்தத் தம்பி சின்னானும் தலையாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ராமாத்தாளுக்குப் பொய்ப் பிராது கொடுத்தவள் என்று பேர். பிறகு எங்கள் போரும் வற்றி, இரண்டு பட்டறைக்கும் லாரித் தண்ணீர்தான் வருகிறது. ஆனால் அந்தப் பேர் மட்டும் வற்றவில்லை.

முதலாளியைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். தான் சொன்னதை முதல் ஆளாக நம்பியவர் அவர்தான். அதனால்தான் புகையை உள்ளே விடும்போது அவருக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. ஊசி நுழையாத கல்லுக்குள் புகை எப்படி நுழையும் என்று மருமகனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குச் சம்பளம் விறகு தள்ளத்தான்.

பழைய டிரையரிலிருந்து காற்றை ஊதித் தள்ளும் புளோவரைக் கழற்றினோம். பாய்லர் புகைக்குழாயைத் திருப்பிப் போரின் வாயில் செருகி, இடுக்கையெல்லாம் ஈரப் பனியன் கழிவுத் துணியால் அடைத்துக் களிமண் பூசினோம். வியாழக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டார் நஜீமுதீன். பாய்லர் உறுமியது. மேலே வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முதலாளி பிஸ்மி சொல்லி எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். எனக்கு இரண்டு.

பழக்கொட்டையைத் துப்புவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ராவுத்தரே, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போங்க."

ராமாத்தாள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்று பேரும் போனோம்.

காயப்போட்ட துணிகளுக்கு நடுவே அந்த வற்றிய போர். குழாயின் வாயில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்திருந்தார். சட்டியின் விளிம்பைச் சுற்றிப் புகை கசிந்துகொண்டிருந்தது. தைலமர வாசனை. அந்த வட்டாரத்தில் ஊட்டித் தைலமரம் எரிப்பவர்கள் நாங்கள் மட்டும்தான். ராமாத்தாள் குனிந்து சட்டியை எடுத்தார். புகை ஆள் உயரத்துக்கு எழும்பியது. நஜீமுதீன் பத்திரிகையை விரித்து எதையோ தேட ஆரம்பித்தார்.

ஆத்தப்பனுக்கு அதற்குள் ஆள் போயிருந்தது. மனிதர் வந்து, குழாய்க்குள் எட்டிப் பார்த்து, நன்றாக இருமிவிட்டு முதலாளியைப் பார்த்தார். "ஏனுங்க ராவுத்தரே, என்ன சொல்றீங்க?"

முதலாளி வேலியைப் பார்த்தார், போரைப் பார்த்தார். தொழுகையில் நிற்பதுபோல் கை கட்டினார். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"சம்பந்தம் இருக்குதுங்க."

"கேக்கலீங்க" என்றார் ராமாத்தாள்.

"சம்பந்தம் இருக்குதுங்கக்கா. அன்னிக்கு நீங்க சொன்னதுதான் நெசம்."

ராமாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகையினால் என்று நினைத்துக்கொண்டோம்.

முதலாளி திரும்பி என்னிடம், "காசி, புளோவரை நிறுத்திரு" என்றார்.

"ஆரு நிறுத்தச் சொன்னது?" ராமாத்தாளின் பழைய குரல் திரும்பிவிட்டது. "குன்னத்தூருக்கு ஆளனுப்பியிருக்கறனுங்க. எந்தம்பி வந்து கண்ணுல பாக்கற வரைக்கும் இந்தப் பொகை நிக்கப்படாது."

"துணியெல்லாம் கறுத்துப் போகுமுங்களேக்கா."

"போவட்டுமுங்க."

நான் வந்து விறகைத் தள்ளினேன். மத்தியானம் குன்னத்தூர் பஸ் வரும் நேரத்தில் வேலிச் சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். போர்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு ராமாத்தாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக வெள்ளைத் துணிகள் புள்ளி பூத்துக்கொண்டிருந்தன. முதலாளி அவர் கொடுத்த டீயைக் குடித்தபடி குழாயையே பார்த்திருந்தார். புகை சற்று மெலிந்தது. தூரத்தில் ரோட்டிலிருந்து ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

முதலாளி அவசரமாக வேலிப் பக்கம் திரும்பினார்.

"காசி, இன்னும் நாலு கட்டை போடு."