துண்டுச் சீட்டு

மூணு நாளா பட்டாசுக்குச் சோறு இறங்கல. பதினாறு வயசுப் பொண்ணு. கோவம் வந்தா படபடன்னு வெடிப்பான்னு கூட பந்து ஆடுறவங்க வெச்ச பேரு அது. இப்போ அவ வாயே திறக்கல.

குடியிருப்பு மைதானத்து வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. தூக்க வெச்சது அவ எழுதின ஒரு துண்டுச் சீட்டு.

அந்தக் குடியிருப்புல சின்னப் பசங்களுக்கும் பெரியவங்க நடத்துற சங்கத்துக்கும் ரொம்ப நாளாவே ஆகாது. எதையாவது கேட்டா, "போய்ப் படிக்கிற வழியைப் பாருங்க"ன்னு விரட்டுவாங்க. அதை மாத்துறேன்னு வந்தவங்கதான் புதுத் தலைவி, மருந்துக்கடை அக்கா. சனிக்கிழமையானா எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சுப் பேசுவாங்க. நேர்ல சொல்லப் பயமா இருந்தா, பேர் போடாம எழுதி மாத்திரை வந்த அட்டைப்பெட்டியில போடலாம். "யார் எழுதினதுன்னு கேக்க மாட்டேன், தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். எழுதினதை நம்புவேன்"னு சொன்னாங்க. சொன்னபடி மாடிப்படிக்கு லைட்டு வந்துது, பொண்ணுங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வந்துது.

அப்புறம்தான் அந்த ராத்திரி. ஆட்டம் முடிய ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. ஒம்பது அடிச்சதும் வாட்ச்மேன் அண்ணன் மைதானத்து லைட்டைப் பட்டுனு அணைச்சுட்டார்.

"அண்ணே, ரெண்டே நிமிஷம்ணே."

"நேத்தும் இதே ரெண்டு நிமிஷம்தாம்மா கேட்டே."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. பட்டாசுக்குப் பத்திக்கிட்டு வந்துது. நேரா போய் எழுதிப் போட்டா: 'வாட்ச்மேன் குடிச்சுட்டு வந்து பொண்ணுங்களைத் திட்டுறார்.' நாலு பேர் முன்னாடி திட்டு வாங்கட்டும்னுதான் நெனச்சா. அவரோ காப்பியைத் தவிர வேற எதையும் குடிச்சு யாரும் பாத்ததில்ல.

வேலை போன அன்னைக்கு அவர் ரேடியோவையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கிட்டு, பந்துக்குக் காத்தடிக்கிற பம்பை அவ கையில கொடுத்துட்டுப் போனார். "புதுசா வர்றவருக்கு இது எங்க இருக்குன்னு தெரியாது"ன்னார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் ராத்திரி, மருந்துக்கடை ஷட்டர் பாதி இறங்கினப்புறம் பட்டாசு குனிஞ்சு உள்ள நுழைஞ்சா.

"தலைவலியா?"ன்னு கேட்டாங்க அக்கா.

"இல்லக்கா. ஒரு சீட்டு... ஒரு சீட்டு பொய்யா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அக்கா கையில இருந்த மாத்திரை அட்டையைக் கீழ வெச்சாங்க. "எந்தச் சீட்டு?"

"வாட்ச்மேன் அண்ணன் சீட்டு. நான்தான்க்கா எழுதினேன். அவர் குடிக்கலக்கா. திட்டவும் இல்ல."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவ முகத்தைப் பாக்காம உக்காந்தாங்க. அறைஞ்சுருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துது அவளுக்கு.

"சங்கக் கமிட்டியில எல்லாரும் அவரைத் தூக்க வேணாம்னாங்க. 'பொடிசுங்க பேச்சைக் கேட்டு ஆடாதீங்க'ன்னாங்க. நான்தான் மல்லுக்கு நின்னேன். பசங்க உங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு பறந்தேன் பாரு, அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல." அக்கா முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. "யார்னு சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். உன் பேர் வெளிய வராம நானே சரிபண்றேன்."

பட்டாசுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துது. ஆனா அது ஒரு நிமிஷம்கூட நிக்கல.

"பேர் சொல்லலேன்னா எல்லாரையும் சந்தேகப்படுவாங்கல்லக்கா? இனிமே நெஜமா எழுதினாலும் நம்ப மாட்டாங்க."

"ஆமா. நானே கொஞ்சம் யோசிப்பேன்."

அந்தக் 'கொஞ்சம்' சுருக்குன்னு தைச்சுது.

"அப்போ நானே சொல்றேன். அண்ணனுக்கு முதல்ல."

அக்கா அவர் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, ஃபோனை மேசை மேல வெச்சாங்க. அவ திக்கித் திக்கிச் சொல்லி முடிச்சா.

"என்னைப் பாத்தா குடிகாரன் மாதிரியாம்மா இருக்கு?"

"இல்லண்ணே."

"அப்புறம் ஏன்?"

"லைட்டை அணைச்சீங்கல்ல... அதுக்கு." சொல்றப்ப அது எவ்வளவு அல்பமான விஷயம்னு அவ காதுக்கே கேட்டுது.

"என் பொண்டாட்டிகூட ரெண்டு நாள் என்கிட்ட வந்து மோந்து பாத்தாம்மா."

பட்டாசு உதட்டைக் கடிச்சுக்கிட்டு அழுதா. சத்தம் வரக்கூடாதுன்னு பாத்தா, வந்துது.

"சனிக்கிழமை ஹால்ல எல்லார் முன்னாடியும் சொல்றேண்ணே. நீங்க வருவீங்களா?"

"வேலைக்கு வர்றதைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன். நீ சொல்றதைக் கேக்க வர்றேன். என் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வர்றேன்."