நூறு வயதுப் போலீஸ்காரர்

செங்கம் ரோட்டில் முருகவேல் அண்ணனின் பழம்பொருள் கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் செய்த போலீஸ்காரர் கொலு பொம்மையைப் படத்தில் நூறு வயதாக்கியது நான்தான். இயற்பியல் படித்தவள் என்பதால் ஒவ்வொரு விரிசலுக்கும் நிழலைச் சரியான பக்கம் போட்டேன். இணையத்தில் அதைப் பார்த்து மயங்கிய வெள்ளைக்காரர், பௌர்ணமிக்கு வந்து நேரில் வாங்கிக்கொள்வதாக எழுதிவிட்டார்.

அண்ணன் பொம்மையையும் பிளேடையும் நீட்டினார். "படத்துல இருக்கிற மாதிரியே கீறிடும்மா. ஜாஸ்தி வேணாம்."

"இதுல தப்பானா அழிக்க முடியாதுண்ணா."

"அப்ப வேற ஆளு பாத்துக்கறேன்."

இந்த ஊரில் இயற்பியலுக்கு வேறு வேலை இல்லை. கீறினேன். மூக்கு பெயர்ந்து விழுந்தது.

அண்ணன் மூக்கைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பரவால்லம்மா. படத்துலயும் மூக்க எடுத்துடு. இருநூறு வருஷம்னு போட்டுக்கலாம்."