நடுவில் ஓட்டையுள்ள கட்டில்

ராயபுரத்தில் ஃப்ரெடி வீட்டில் ஒரு தேக்குக் கட்டில். ஹார்பரில் வேலை பார்த்த பாட்டனாருக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. நடுப்பலகையில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வட்டமாய் ஒரு ஓட்டை. காற்றோட்டத்துக்கு என்பது குடும்பத்தின் தீர்ப்பு. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் சுடும்போது அம்மா அடைக்கலமேரி மெத்தையைச் சுருட்டிவிட்டு, மாவுக் குண்டானை அந்த ஓட்டையில் இறக்கித்தான் பிசைவாள். குண்டான் ஆடாது. பலகையில் சிந்தினதையும் வழித்து உள்ளே போட்டுக்கொள்வாள்.

அண்ணன் அலெக்ஸாண்டர் கல்யாணம் கட்டி மாதவரம் போனதில், பிறந்ததிலிருந்து பாயில் படுத்த ஃப்ரெடிக்கு இந்த டிசம்பரில் கட்டில் வாய்த்தது. எம்.ஏ. சரித்திரம் படிப்பவன். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, காலேஜ் கட்டுரைக்காக ஒரு துரைசானியின் நினைவுக் குறிப்பைப் புரட்டினான். அம்மையார் நம்மவர்களின் அழுக்கைப் பற்றி ரெண்டு அத்தியாயம் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதியிருந்தார். அடுத்ததில் அவர் புருஷன் துரைக்கு வயிற்றுக்கடுப்பு. எழுந்திருக்க முடியவில்லை. எல்லா துரை வீட்டிலும் செய்வதுபோல் தச்சனைக் கூப்பிட்டுக் கட்டில் நடுவே வட்டமாய் அறுத்து, கீழே வாளி வைத்தார்களாம். மழைக்காலம் முழுக்க. பலகையைக் கழுவியதாக எங்கும் இல்லை.

ஃப்ரெடி மெதுவாக இறங்கித் தரையில் நின்றான்.

“நகுரு நைனா, மாவு பெசையணும்.” அம்மா குண்டானோடு வந்தாள்.

“எம்மா, அது காத்துக்கு வுட்ட ஓட்டை இல்ல.”

“பின்ன இன்னாத்துக்காம்?”

சொன்னான். வாளி வரைக்கும் சொன்னான்.

அடைக்கலமேரி ஓட்டையைப் பார்த்தாள். குண்டானின் அடியைப் பார்த்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து தின்ற கல்கல் அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றது.

“கலீஜு பசங்க! இவனுங்க நம்மள அழுக்குன்னு வேற எழுதிக்கினானுங்களா?”

“ரெண்டு அத்தியாயம்.” ஃப்ரெடிக்குக் கட்டிலை விட மனசில்லை. “நல்லா தேச்சிக் கழுவி, ஒரு பிளைவுட்டு அடிச்சி மூடிக்கினா...”

“தூ! இந்த வூட்ல இனிமே அது கூடாது. உங்க அண்ணன் மாமியா ஜானட்டுக்கு ரொம்ப நாளா இதும்மேல கண்ணு. ஏத்தி வுடு.”

“எம்மா, அவங்களாண்ட விஷயத்த...”

“வாயத் தொறந்த, உனக்குப் பாயும் கெடையாது.”

கட்டில் மறுநாளே மினி லாரி ஏறியது. ஃப்ரெடி பாய்க்குத் திரும்பினான்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஜானட் அத்தை ஒரு பெரிய டப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“சம்பந்தி, அந்த ஓட்டை எதுக்குன்னு கண்டுபுடிச்சிட்டேன்!”

அம்மா சட்டென்று ஃப்ரெடி பக்கம் திரும்பினாள்.

“மாவுக் குண்டான் இன்னா கச்சிதமா குந்துது தெரியுமா!” டப்பாவைத் திறந்து முதல் கல்கலை ஃப்ரெடியின் வாயில் திணித்தாள். “எப்டிடா கீது?”

பின்னாலிருந்து அம்மா முறைத்தாள். ஃப்ரெடி மென்றான். விழுங்கினான்.

“அப்டியே எங்கம்மா கைப்பக்குவம் அத்தை” என்றான்.