அறுபது எழுத்து

ஒரு பல் மருத்துவமனையின் படிவத்தில் 'எந்தப் பல் வலிக்கிறது?' என்ற கேள்விக்குப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது தோன் எவெனோர் போனில் கூப்பிட்டார். வியாழக்கிழமை காலை, மணி ஒன்பது இருக்கும்.

"நினோஸ்கா, உடனே கிளம்பிக் கடைக்கு வா. ஒரு அம்மா வந்து உக்காந்திருக்கு. எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

"என்ன வேணுமாம்?"

"செவ்வாக்கிழமை நம்ம ஃபார்ம்ல அது என்ன எழுதுச்சுன்னு கண்ணால பாக்கணுமாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புருஷன் செத்துட்டாரு. சிலிண்டர் நேரத்துக்குப் போய்ச் சேரல. விலாசத்தை அரைகுறையா எழுதியிருக்கு, எர்வின் என்ன பண்ணுவான்?"

தோன் எவெனோர் வீடுகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுகிறவர். தோன், தோஞா என்பதெல்லாம் எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை. போன் அடித்து அடித்துக் காது புண்ணாகிவிட்டது என்று புலம்பியதால் ஆறு மாதத்துக்கு முன்பு நான்தான் அவருக்கு அந்தப் படிவத்தைச் செய்துகொடுத்தேன். பெயர், போன் எண், விலாசம், எத்தனை சிலிண்டர், அனுப்பு. அவ்வளவுதான். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. திரையின் இடதுபக்கம் பெட்டிகள் வரிசையாக இருக்கும், வேண்டியதைப் பிடித்து இழுத்து நடுவில் போட்டால் போதும். வலதுபக்கம் ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் சட்டதிட்டங்கள்: கட்டாயமா இல்லையா, எண் மட்டுமா, எத்தனை எழுத்து வரை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கட்டை அடுக்கி விளையாடுகிறாய் என்பாள் என் அம்மா. அந்த விளையாட்டில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது என்று நானும் சளைக்காமல் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போனை வைத்ததும் செவ்வாய்க்கிழமை வந்தவற்றைத் திறந்தேன். காலை ஏழு பத்து. பெயர், பெனித்தா உர்பினா. விலாசம்: 'பழைய ஐஸ் பேக்டரி இருந்த இடத்துலேருந்து ஏரிப் பக்கமா நேரா மூணு தெரு, அங்கேருந்து ஒண்ணரைத் தெரு'. அதோடு நின்றிருந்தது. ஒன்றரைத் தெரு மேலேயா கீழேயா, சூரியன் உதிக்கிற பக்கமா மறைகிற பக்கமா என்று இல்லை. தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத எங்கள் மனாகுவாவில் அதை எழுதாமல் எந்தப் பைத்தியமும் விலாசம் எழுதாது. விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். இடைவெளியையும் சேர்த்துச் சரியாக அறுபது.

அந்த அறுபது நான் வைத்தது. திங்கட்கிழமை சாயங்காலம் தோன் எவெனோர் ஒரே புலம்பல்: "ஜனங்க விலாசம் கேட்டா சரித்திரம் எழுதறாங்க. எதிர் வீட்டு நாய், மாமியாரோட மாமரம், எல்லாம் வருது. சிலிண்டர்ல ஒட்டற சீட்டு கொள்ள மாட்டேங்குது. கொஞ்சம் சுருக்கச் சொல்லேன்." சுருக்கச் சொல் என்றுதான் அவர் சொன்னார். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, சொல்ல வேண்டாம், சுருக்கியே விடுகிறேன் என்று விலாசப் பெட்டிக்கு அறுபது என்று வரம்பு போட்டேன். அறுபதுக்கு மேல் தட்டினால் எழுத்து விழாது. இன்னும் இத்தனை எழுத்து பாக்கி என்று காட்டுவதற்கு ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அதைப் போடவில்லை. ஆமாம், அசிங்கமாக இருக்கும் என்றுதான்.

அடுத்து நான் செய்ததை இன்றுவரை எனக்கே சரியாக விளக்கத் தெரியவில்லை. அந்த அறுபதை அழித்தேன். சேமி என்று அழுத்தினேன். புத்தி எட்டுவதற்குள் கை செய்துவிட்டது. இன்னொருவர் விலாசம் அறுந்துவிடக் கூடாதே என்று செய்தேன் என்று பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை இருக்கும். மீதிப் பாதி, தரையில் சிந்தியதை அம்மா வருவதற்குள் துடைத்துவிடுகிற புத்தி.

கடை வாசலிலேயே தோன் எவெனோர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். கெட்ட மனிதர் இல்லை. வாடகை கொடுக்க முடியாத வீடுகளில் மாதக்கணக்காகச் சிலிண்டரை விட்டு வைத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"திங்கக்கிழமை நாம ஏதோ மாத்தினோமே, அதப் பத்தி மூச்சு விடாத."

"தோன் எவெனோர், அதுதான்..."

"எதுதான்? எனக்கு எதுவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம். கடைய மூடிட்டா நாளைக்கு முப்பது வீட்டுல மூச்சு யாரு குடுப்பா? நீ குடுப்பியா? அந்தம்மாகிட்ட எழுதினதக் காட்டு, ரெண்டு வார்த்தை ஆறுதலா பேசு, அனுப்பி வை."

எர்வின் வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சிலிண்டர்களைத் தோளில் தூக்கிப் போகிற ஆள், நாற்பது வயசு. என்னைப் பார்த்ததும் நான் கேட்காமலே பேசினான்.

"கீழ்ப் பக்கம் நாப்பது நிமிஷம் சுத்தினேன், நினோஸ்கா. வீடு வீடாக் கதவத் தட்டினேன். அந்த நம்பருக்கு அடிச்சா கோஸ்தாரிகாவுல எங்கயோ மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. சரி, மேல போய்த்தான் பாப்போமேன்னு திரும்பி வந்தா, வாசல்ல நாற்காலி இறக்கிட்டு இருந்தாங்க." எங்கள் ஊரில் காலை வேளையில் ஒரு வீட்டு வாசலில் வாடகை நாற்காலி இறங்கினால் அது எதற்கென்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

தோஞா பெனித்தா காலிச் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தலைமுடியை இழுத்துப் பின்னி, சலவை செய்த வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட்டிருந்தார். மடியில் ஒரு போன், கைக்குட்டையில் சுற்றியது. அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். அந்த முகம் வறண்டு கிடந்தது.

"நீதான் இத செஞ்ச பொண்ணா?" என்றார். "உன் வேலையக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ மகளே. இது என் பொண்ணு ஹசிந்தா கோஸ்தாரிகாவுக்குப் போறப்ப விட்டுட்டுப் போன போன். சிம் கிடையாது, பக்கத்து வீட்டு வைஃபைல ஓடுது. அதான் நம்பர் கேட்ட இடத்துல அவளோடத எழுதினேன். சனிக்கிழமதான் ஆஸ்பத்திரிலேருந்து என் வீட்டுக்காரர் லிசாந்த்ரோவ வீட்டுக்கு அனுப்பினாங்க. அவங்க குடுத்த சிலிண்டர் தீரப்போகுதுன்னு செவ்வாக்கிழம காலைல பாத்தேன். நானே எழுதி அனுப்பினேன், முதல் தடவையா. அத எனக்குக் காட்டறியா?"

மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் திரைமேல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'ஒண்ணரைத் தெரு' என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அந்தப் பக்கம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல் வெள்ளை இடத்தையும் தடவிப் பார்த்தார்.

"மேலேன்னு எழுதலையா நான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தோன் எவெனோர் முந்திக்கொண்டார். "பதட்டத்துல யாருக்கும் வரும்மா. எனக்கே வரும்."

"ஹசிந்தாவும் அதத்தான் கேட்டா. 'அம்மா, ஒரு வார்த்த, மேலேன்னு ஒரே ஒரு வார்த்த, அத எழுதக் கூடாதா?'ன்னு போன்ல கத்தறா. நான் எழுதினேன்னுதான் சொன்னேன். எழுதின மாதிரி கைக்கு ஞாபகம் இருக்கு." போனைக் கைக்குட்டையிலிருந்து பிரித்தார். "இரு, இன்னொரு தடவ எழுதிப் பாக்கறேன். ஒருவேள இந்தப் பெட்டி அந்த வார்த்தைய வாங்கலையோ என்னவோ."

அப்போது சொல்லியிருக்கலாம். கடவுளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையின் வைஃபையில் படிவத்தைத் திறந்துகொடுத்தேன். கட்டைவிரலால் மெதுவாகத் தட்டினார். முடிந்ததும் போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார். 'ஒண்ணரைத் தெரு மேலே.' எல்லாம் இருந்தது. காலையில்தான் நான் கதவை அகலத் திறந்து வைத்தாயிற்றே.

"வாங்குதே," என்றார். "எல்லாத்தையும் வாங்குதே." போனை மடியில் வைத்தார். "அப்ப நான்தான். லிசாந்த்ரோ எப்பவும் சொல்வாரு, நீ எதையும் பாதியில விட்டுடுவே பெனித்தா, வாளிய நிரப்பினா கொழாய மூட மாட்டே, துணிய அலசினா காயப்போட மாட்டேன்னு. நாப்பத்தோரு வருஷமா சொன்னாரு."

"இல்லம்மா!" கத்தியேவிட்டேன். வெளியே நின்ற எர்வின் திரும்பிப் பார்த்தான். "நீங்க இல்ல. நான். திங்கக்கிழம அந்தப் பெட்டிக்கு நான் ஒரு வரம்பு போட்டேன். அறுபது எழுத்துக்கு மேல அது எடுத்துக்காது. நீங்க மேலேன்னு எழுதியிருப்பீங்க, அது விழுந்திருக்காது. இன்னைக்குக் காலைல இங்க கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வரம்ப எடுத்துட்டேன். அதனாலதான் இப்ப வாங்குது."

சொல்லிவிட்டேன். தோன் எவெனோர் ஒரு நொடி என்னைக் கொன்றுவிடுகிற மாதிரி பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, சிரித்தார். வருத்தமான, பெரிய மனுஷத்தனமான சிரிப்பு.

"பாருங்கம்மா, எவ்வளவு இளகின மனசு இந்தப் பொண்ணுக்கு. அடுத்தவங்க கஷ்டத்தப் பாத்தா தாங்க மாட்டா, பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்குவா."

தோஞா பெனித்தா என் கன்னத்தைத் தொட்டார். அவர் கையில் சோப்பு வாசனை.

"நல்லா இருப்ப மகளே. ஆனா வேணாம். எனக்காகப் பொய் சொல்லாத. உங்கம்மா உன்ன நல்லா வளத்திருக்கா."

உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் கை கன்னத்தில் இருந்தபோது, எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, அவர் நம்பவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று உள்ளே ஒரு குரல் குதூகலித்தது. பல் மருத்துவமனைப் படிவம் பாதியில் கிடக்கிறது, போய் முடிக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் குரலைக் கேட்டு என்மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அவர் போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். செத்தவருக்காகச் சொல்கிற நவநாள் ஜெபத்துக்கு ஆட்கள் வருவார்கள், காபி போட வேண்டும் என்றார். நாற்காலியைக்கூடத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். இந்த அம்மா இப்படியே வீட்டுக்குப் போய், நாளைக்கும் அடுத்த வருஷமும், மகள் கூப்பிடும்போதெல்லாம், அந்த ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டே இருப்பார்.

"ஒரே ஒரு நிமிஷம்," என்றேன். "தோஞா பெனித்தா, உக்காருங்க."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன். விலாசப் பெட்டியைத் தொட்டேன். வலதுபக்கம் அதன் சட்டதிட்டங்கள் திறந்தன. எழுத்து வரம்பு என்ற இடம் காலியாக இருந்தது. அதில் ஆறு அடித்தேன். பூஜ்யம் அடித்தேன். விரல் அவ்வளவு கனமாக இருந்து நான் பார்த்ததில்லை. சேமி.

"நினோஸ்கா," என்றார் தோன் எவெனோர். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "வேணாம்மா. தெரிஞ்சு அந்தம்மா என்ன பண்ணப் போகுது?"

தோஞா பெனித்தாவின் போனை வாங்கிப் பக்கத்தைப் புதிதாகத் திறந்து கையில் கொடுத்தேன். "செவ்வாக்கிழம எழுதின மாதிரியே எழுதுங்க. விலாசம் மட்டுமில்ல. அன்னைக்கு அந்தப் பெட்டில என்னென்ன எழுதினீங்களோ, ஒரு வார்த்த விடாம."

"எல்லாமா?"

"எல்லாம்."

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கண் எழுத்துப் பலகையில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துத் தட்டுகிறவர்கள் மேலே என்ன விழுகிறது என்று பார்ப்பதில்லை. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அதுதானே என் தொழில். வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார், மெல்ல, பள்ளிப் பிள்ளை மாதிரி. நான் பின்னால் போய் நின்று அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். எர்வினும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றான்.

"பழைய ஐஸ் பேக்டரி இருந்த இடத்துலேருந்து... ஏரிப் பக்கமா நேரா மூணு தெரு... அங்கேருந்து ஒண்ணரைத் தெரு..."

திரையில் எழுத்து நின்றுவிட்டது. 'தெரு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு மட்டும் மினுக்கியது. அவர் நிமிரவில்லை.

"மேலே," என்று தட்டினார். "நீல கேட். மகராசனா இருப்பீங்க, சீக்கிரம் வாங்க. அவருக்கு உதடு கறுத்துட்டு வருது. தூக்கி உக்கார வச்சிருக்கேன், என்னால எந்திரிச்சு வந்து திறக்க முடியாது. தட்ட வேணாம்..."

தோன் எவெனோர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தோஞா பெனித்தாவின் கட்டைவிரல் அவசரமில்லாமல், ஒரு எழுத்தைக்கூட விடாமல், அந்தக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"...கதவத் திறந்தே வச்சிருக்கேன்."