சுருளியில் வைத்த ரசம்

தவசி அம்மியில் மிளகைத் தட்டிக்கொண்டிருந்தபோது அய்யம்மாள் வந்து அடுப்படி வாசலில் நின்றாள். உள்ளே படுத்திருக்கும் அவன் மனைவி கஸ்தூரியம்மாளின் தங்கை அவள். அக்காவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் ஓடைப்பட்டியிலிருந்து ஓடிவந்தவள்.

"கஞ்சித் தண்ணியத் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு வைத்தியர் சொன்னாகள்ல. நீங்க என்ன செய்றீக மச்சான்?"

"கொள்ளு ரசம். அவதான் கேட்டா."

விடிந்ததும் கஸ்தூரியம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் விலக்கிவிட்டு, சுருளியில் வைத்துக் கொடுத்த ரசம் வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருந்தாள்.

கல்யாணமான மறுவருஷம் ஆடி அமாவாசைக்குக் கோம்பையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு இருவரும் சுருளி அருவிக்குப் போயிருந்தார்கள். இந்தப் பக்கம் மோட்டார் வராத காலம். தண்ணீரைவிட்டு வர மனமில்லாமல் வெகுநேரம் நின்றவள், கரையேறியபோது உதடு வெளுத்து நடுங்கினாள். தவசி கல்லைக் கூட்டித் தீ மூட்டினான். மாட்டுக்கென்று வண்டியில் வைத்திருந்த கொள்ளில் இரண்டு கை அள்ளி வேகவைத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டான். சாமைச் சோறு குழைந்துவிட்டது, ரசத்தில் மிளகு கூடிவிட்டது. மூக்கில் நீர் வடிய அவள் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டாள். மாட்டுக்கும் எனக்கும் ஒரே தீனியா என்று கேட்டுச் சிரித்தாள்.

ஊர் திரும்பிய பிறகு அடுப்பு அவளுடையதாகிவிட்டது. கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் அவனுக்கு உயிர். வரப்பில் வரும்போதே மணம் பிடித்து நடையை எட்டிப் போடுவான். அவளுக்கு எது பிடிக்கும் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது.

காரம் உள்ளே இறங்கினால் அக்கா தாங்கமாட்டாள், ஏதாவது ஆகிவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாள் அய்யம்மாள். தவசி கை வேலையை நிறுத்தவில்லை.

"கஞ்சி குடிச்சாலும் இன்னைக்கோ நாளைக்கோதான். வைத்தியர் அதையும் சொல்லிட்டுத்தான் போனாக. பிடிச்சதத் திங்கட்டும், அய்யம்மா."

மிளகை அவன் ஒரு துளியும் குறைக்கவில்லை.

கஸ்தூரியம்மாளைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு ரசத்தை ஆற்றி ஊட்டினான். முதல் வாய்க்கு இருமினாள். அடுத்த வாயை நிறுத்தி நிதானமாக விழுங்கினாள்.

"காரம்," என்றாள்.

"அன்னைக்கும் இப்படித்தான்."

"சோறு எங்க?"

அவன் சோற்றை மசித்து ரசத்தில் கரைத்துக் கொடுத்தான். அவள் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. துண்டால் துடைத்துவிட்டான். போதும் என்று தலையசைத்துவிட்டு அவள் தூங்கிப்போனாள். உச்சிப்பொழுதில், தூக்கத்திலேயே மூச்சு அடங்கியது.

ஊர் கூடியது. ஒப்பாரிக்கு நடுவே அய்யம்மாள், கஞ்சியோடு விட்டிருந்தால் அக்கா நாலு நாள் கூட இருந்திருப்பாள் என்று சொல்லி அழுதாள். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் தவசியைப் பார்த்தார்கள். அவன் தலை குனியவில்லை.

"கேட்டா, குடுத்தேன். இன்னொரு தடவ கேட்டாலும் குடுப்பேன்."

மறுபடி மூங்கிலை வெட்டும் சத்தம் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டுத் திரும்பினார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று பங்காளி வீட்டிலிருந்து சோறும் பருப்புக் குழம்பும் வந்தன. அய்யம்மாள்தான் எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். வந்தவர்கள் கலைந்ததும் சட்டியை மூடப் போனாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தவசி அவள் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டான்.

"நீ உக்காரு."

அவள் கூசி நின்றாள். அவன் தானே ஓர் இலையை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்தான். பிறகுதான் உட்கார்ந்தாள். சோற்றை வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினான். அவள் முகத்தை நிமிர்த்தாமலே பிசைந்து தின்னத் தொடங்கினாள். தவசி அகப்பையும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றான். சோறு தீர்ந்ததும் அய்யம்மாள் மறுசோற்றுக்காக இலையை அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள்.