ஒச்சாண்டி கடை மாடு

மார்க்கையன்கோட்டை ரோட்டில், எங்கள் ஊர் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒச்சாண்டியின் மாட்டை வெறிநாய் கடித்துவிட்டது. கடை வாசலிலேயே கட்டிக் கிடக்கும் மாடு. ‘கறந்த பால் டீ’ என்ற போர்டுக்கு அதுதான் சாட்சி. கேரளா எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்புகள்கூட அதைப் பார்த்துத்தான் நிற்கும்.

கால்நடை டாக்டர் பவானி அன்றைக்கே ஆட்களோடு வந்து இறங்கினார். தெருநாய்களை எல்லாம் பிடித்து ஊசி போட்டு, நெற்றியில் பச்சைப் பெயிண்ட் தடவி விட்டார்கள். மாட்டுக்கும் ஊசி. அதைத் தோப்பில் தனியாகக் கட்டிவைக்கச் சொன்ன டாக்டர், “பச்சைப் பால் யாராச்சும் குடிச்சீங்களா? காய்ச்சின பாலுக்குப் பயமில்ல” என்றார்.

“இவன் டீ என்னைக்குக் கொதிச்சிருக்கு?” என்றார் பேச்சிமுத்து. நாக்குக்குப் பேர் போன மனிதர். ஒரு மடக்கு குடித்துவிட்டு, மாடு நேற்று தின்றது பருத்திக்கொட்டையா புண்ணாக்கா என்று சொல்லிவிடுவார். நாங்களும் தலையாட்டுவோம். ஊரே ஊசிக்குக் கிளம்பியது.

ஒச்சாண்டிக்கு முகம் செத்துப்போனது. உண்மையைச் சொன்னால் கடை போச்சு. சொல்லாவிட்டால் ஊர் முழுக்க ஊசி. பாவம், நல்லவன். சொல்லிவிட்டான்.

“யாரும் போக வேணாம். அது பால் வத்தி ரெண்டு வருசமாச்சு. நான் ஊத்துனது பூராம் பாக்கெட் பாலு.”

எல்லோரும் பேச்சிமுத்துவைப் பார்த்தோம்.

“ஏலே, எனக்கே பாக்கெட் பாலா? என் நாக்கு பொய் சொல்லுமா? கடைப்பேரு கெட்டுருமேன்னு கதை விடுறான்!”

டாக்டர் கையுறையோடு மடியைப் பார்த்தார். “ஐயா, அவர் சொல்றது நெசம். இது வத்தின மடி.”

“கடிபட்ட பயத்துல பாலை உள்ள இழுத்துக்கிருச்சு. டாக்டரம்மா படிச்சவுக, மாட்டைப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்?”

காய்ச்சின பாலுக்கு ஊசி கிடையாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பிவிட்டார்கள். விடுவோமா? மாடு புண்ணை நக்கியது என்று ஆளுக்கொரு புண்ணைக் காட்டினோம். எனக்குப் புண் இல்லை, கொசுக்கடியைச் சொறிந்து காட்டினேன். ஒச்சாண்டியையும் இழுத்துப்போய்ப் போடவைத்தோம்.

அதற்குப் பிறகு அவன் பாக்கெட்டை எல்லோர் கண்முன்னாலும் வெட்டி ஊற்றினான். பேச்சிமுத்து வாயில் வைத்ததும் துப்பினார். அதே பால், அதே தூள், அதே கை. நாங்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டோம். ஜீப்புகளும் நிற்கவில்லை. “அரிச்சந்திரன் பொண்டாட்டி ஆக்கிட்டியே என்னைய” என்று அவன் மனைவி ஹேமாவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மாதங்கள் கழித்து, மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் ஒச்சாண்டி அதைக் கொண்டுவந்து வாசலில் கட்டினான். அன்றைக்கே ஊர் திரும்பி வந்தது. பேச்சிமுத்து கண்ணை மூடி ஒரு மடக்கு குடித்தார்.

“இதுதாண்டா பாலு. ஊசி மருந்து வாடை மட்டும் லேசா அடிக்குது.”

ஒச்சாண்டி பாய்லரையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

“ரெண்டு நாள்ல போயிரும்ணே” என்றான்.