மதகடிச் சத்தம்

பதினொன்றரை மணிக்கும் கராச்சில் றஜித்தின் காரின் முன்சில்லுகள் இரண்டும் கழற்றியபடியே கிடந்தன. இடப்பக்கச் சில்லைத் தாங்கும் லோவர் ஆமின் போல்ட் அசையவில்லை. மெக்கானிக் சுமன் அதன்மேல் எண்ணெய் விட்டுவிட்டு எழுந்தான்.

"உப்புக்காத்து அண்ணை. துருவும் இரும்பும் ஒண்டாப் போச்சு. காரைக் கடற்கரையிலயோ விடுறனீங்கள்?"

"அரை மணித்தியாலம் எண்டெல்லோ சொன்னனீ?" என்றான் றஜித்.

"கழண்டா அரை மணித்தியாலம்."

கைபேசி அடித்தது. தங்கை ஆன்சலா.

"அண்ணா, எங்க நிக்கிறாய்? பாதர் வெளிக்கிட்டிட்டாரோ?"

"இந்தா, கூட்டிக்கொண்டு வாறன்."

"அப்பா கேட்டுக்கொண்டே கிடக்கிறார். மூச்சு வேற மாதிரிப் போகுது. கெதியா வா."

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அப்பா அல்பேர்ட்டை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. இன்று காலையில்தான் மகனைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். அவஸ்தைப் பூசுதல். சாகுமுன் பாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும். வாகனத்தில் போய்ப் பாதரைக் கூட்டிவருவதுதான் அங்கே முறை.

பாதரின் வீடு கராச்சுக்கு வரும் வழியிலேயே இருந்தது. றஜித் அதைத் தாண்டித்தான் வந்திருந்தான். மதிலடியில் வேகத்தைக் குறைத்து, குழிகளை விலத்தி, சத்தம் எழாமல் தாண்டினான்.

போன மாதம் பூசை முடிந்து பாதரை ஏற்றிக்கொண்டு போனபோது, குழிக்குக் குழி முன்பக்கம் டொக் டொக்கென்று அடித்தது.

"றஜித், அவஸ்தைப் பூசுதல் முதல் இதுக்குத்தான் குடுக்கவேணும்" என்றார் பாதர்.

பின்னால் இருந்த பாட்டுக்குழுப் பெண்கள் சிரித்தார்கள். றஜித்தும் சிரித்தான். அதற்குப் பிறகு கோயிலுக்குச் சைக்கிளில்தான் போனான்.

வீட்டில் அந்தச் சத்தத்தை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஒழுங்கை முகப்பில் வாய்க்காலுக்கு மேலே போட்டிருந்த மதகு உடைந்திருந்தது. கார் அதில் ஏறி இறங்கும்போது கட்டிலில் கிடந்தபடியே அப்பா அம்மாவிடம் சொல்வார்: "புனிதம், வாறான். சோத்தைப் போடு."

"ஆரையோ கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டனீங்கள்" என்றான் சுமன். "ஓட்டோ ஒண்டு பிடிச்சுத் தரட்டோ?"

றஜித் தெருவைப் பார்த்தான். ஓட்டோ ஒன்று நிழலில் நின்றது.

"வேண்டாம். நீ அடி."

கடைசியில் போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழைய புஸ்களின் ரப்பர் கையோடு உதிர்ந்தது. சுமன் சில்லின் மூட்டான போல் ஜொயின்றைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். ஆடும் பல்லைப்போல அது ஆடியது.

"இதுதான் டொக் டொக்கெண்டு அடிச்சது. இதோடயோ ஓடினனீங்கள்? சில்லு கழண்டு உங்களுக்கு முன்னால வீட்ட போய்ச் சேர்ந்திருக்கும்."

புதியவற்றைப் பூட்டி முடிய இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. றஜித் சவர்க்காரத் தூள் போட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவினான்.

கார் வாசலில் போய் நின்றதும், பாதர் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு உடனே வந்து ஏறினார்.

"காலமை ஒரு போன் அடிச்சிருந்தா நானே மோட்டச்சைக்கிளில வந்திருப்பனே" என்றார்.

"இல்லைப் பாதர், உங்களை அப்பிடி வரச்சொல்லேலுமோ?"

கடற்கரை வீதி குண்டும் குழியுமாக இருந்தது. காருக்குள் அலைச்சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப சத்தமில்லை" என்றார் பாதர். "நல்லாச் செய்விச்சிருக்கிறாய். எப்ப செய்தது?"

"போன கிழமை."

பாதர் தலையாட்டினார்.

கார் மதகில் ஏறி இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. றஜித்துக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

படலையடியில் யாருமில்லை. அவன் முன்னால் ஓடிப்போய் பாதருக்குக் கதவைத் திறந்துவிட்டான். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

ஆன்சலா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். கொளுத்திய மெழுகுதிரி ஒன்றை அப்பாவின் கைக்குள் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள். மெழுகு அவளுடைய விரல்களில் வழிந்து காய்ந்திருந்தது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான்" என்றாள். "கொஞ்சம் முன்னம்."

பாதர் குனிந்து நெற்றியைத் தொட்டார். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். சிமிழைத் திறக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கினார். றஜித் கட்டிலின் கால்மாட்டில் முழங்காலில் நின்றான். செபத்துக்குப் பதில் சொல்லும் இடங்களில் அவன் வாய் அசைந்தது.

செபம் முடிந்தும், தலைமாட்டில் இருந்த அம்மா எழும்பவில்லை. கணவனின் தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டாள். அவள் அழத் தொடங்கியிருக்கவில்லை.

"மதகடியில சத்தம் கேட்டா பாதர் வந்திட்டார் எண்டு நினையுங்கோ எண்டு இவருக்குச் சொன்னனான்" என்றாள். "வேற கதை ஒண்டும் இல்லைப் பாதர். சன்னலுக்குப் பக்கம் காதைக் குடுத்துக்கொண்டே கிடந்தார். வேற வாகனம் ஏதும் போனாலும் கண்ணைத் திறந்து என்னைப் பாப்பார். நான் இல்லையெண்டுவன்."

பாதர் அவளுடைய தோளில் கை வைத்தார்.

"காலமை இவன் வெளிக்கிட்டுப் போகேக்க, சந்தி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது."

பாதரின் கை அப்படியே நின்றது. அவர் திரும்பி றஜித்தைப் பார்த்தார். றஜித் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்களில் கிறீஸ் கறுப்பாக இருந்தது. அம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப என்னெண்டு தம்பி, சத்தமில்லாம வந்தனீ?"